ஸ்பே ராடுக்கு மிதக்கும் லைன்: வாங்குவது முதல் வீசுவது வரை

ஸ்பே ராடை, அதாவது இரண்டு கைகளால் வீசும் நீண்ட தூண்டில் கோலை, புதிதாகக் கையில் எடுப்பவர்கள் முதலில் தடுமாறுவது வீச்சில் இல்லை, லைனில்தான். ராடில் அதன் லைன் எண் 8 என்று போட்டிருக்கும். கடைக்குப் போய் 8 என்று போட்ட ஒரு லைனை வாங்கி வருவார்கள். ஆற்றில் இறங்கி அரை நாள் போராடிவிட்டு, தனக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடுவார்கள். கையில் ஒரு குறையும் இருக்காது. அந்த ராடை வளைக்கும் எடை லைனில் இருக்காது, அவ்வளவுதான்.

இது ஸ்காட்லாந்தின் சால்மன் ஆறுகளை மனதில் வைத்து எழுதியது. டீ, ஸ்பே, டே, ட்வீட் போன்ற ஆறுகளில் வசந்தத்தின் பிற்பகுதியிலிருந்து மிதக்கும் லைன்தான் முதன்மையான கருவி. இரண்டு கைகளால் வீசும் 12 முதல் 15 அடி ராடுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லைனைத் தேர்வு செய்யும்போது ஃபிளையில், அதாவது கொக்கியில் கட்டிய போலி இரையில் தொடங்கி, லைனைச் சுற்றி வைக்கும் ரீலை நோக்கி யோசிக்க வேண்டும். கட்டும்போது ரீலில் தொடங்கி ஃபிளையை நோக்கிக் கட்ட வேண்டும். புதியவர்கள் பலர் யோசிப்பதையும் ரீல் பக்கத்திலிருந்தே தொடங்குகிறார்கள். கடைசியில், லைனையும் ஃபிளையையும் இணைக்கும் மெல்லிய இழையான லீடருக்கு வரும்போது பையில் என்ன கிடக்கிறதோ அதைக் கட்டுகிறார்கள். மிதக்கும் லைனில் லீடர் வீச்சின் ஒரு பகுதி. அதை மிச்சம் மீதியாக நினைத்தால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

1. கடைக்குப் போகும் முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

ஐந்து விவரங்கள் போதும். ராடின் நீளம். ராடுக்கு அதைத் தயாரித்த நிறுவனம் பரிந்துரைக்கும் லைன் எடை, கிரெயின் என்னும் அலகில். நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது. ஆறு எவ்வளவு அகலம். என்ன அளவு ஃபிளை கட்டப் போகிறீர்கள்.

இவற்றில் எல்லோரும் மறப்பது மூன்றாவது. ஸ்பே வீச்சில் லைன் பின்னால் முழுதாக நீளாது. பக்கவாட்டில் வந்து நீரைத் தொட்டு, ராடுக்குப் பின்னால் வயிறு தள்ளிய ஒரு வளைவாக நிற்கும். அதற்கு டி-லூப் என்று பெயர். லைன் நீளமானால் டி-லூப்பும் பெரிதாகும். கரையோரம் ஆல்டர் மரங்கள் நெருக்கமாக நிற்கும் துறையில் நீண்ட லைனைக் கொண்டு போனால், நாள் முழுக்கக் கிளையிலிருந்து ஃபிளையைப் பிடுங்கிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

இன்னொன்று. ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் தனியாருடையது. அனுமதிச் சீட்டு வாங்கும்போதே அந்தப் பகுதியின் கில்லியிடம், அதாவது ஆற்றையும் மீனையும் பார்த்துக்கொள்ளும் வழிகாட்டியிடம், “தண்ணீர் எப்படி இருக்கிறது, எந்த நீள ஹெட் சரிப்படும்?” என்று கேட்டுவிடுங்கள் (ஹெட் என்றால் என்ன என்பது அடுத்த பகுதியில்). ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது சட்டப்படி கிடையாது. ஏப்ரல் 1-க்கு முன் பிடிக்கும் சால்மனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். அதற்குப் பின்னும் பல ஆறுகளில் அதே விதிதான்.

2. எடைக்கு முன் நீளம்

ஹெட் என்பது லைனின் முன்பகுதி. வீச்சுக்கான எடை முழுவதும் அதில்தான் இருக்கும். அதன் பின்னால் வரும் மெல்லிய பகுதி ரன்னிங் லைன். ஸ்பே லைன்களை ஹெட்டின் நீளத்தை வைத்து நான்கு வகையாகப் பார்க்கலாம்.

ஸ்கேஜிட்: 18 முதல் 25 அடி. குட்டையானது, கனமானது. கனமான ஃபிளையையும் மூழ்கும் நுனியையும் தூக்கி எறிவதற்காக அமெரிக்காவின் வடமேற்கில் உருவானது.

ஸ்காண்டி: ஏறக்குறைய 28 முதல் 40 அடி. எடை பின்பக்கம் குவிந்திருக்கும். முன்பக்கம் நீண்டு மெலிந்துகொண்டே போகும். அந்த மெலிவுதான் ஃபிளையைச் சத்தமில்லாமல் இறக்குகிறது.

மிட்-பெல்லி: 45 முதல் 60 அடி வரை. லாங்-பெல்லி: 65 அடிக்கு மேல்.

மிதக்கும் லைனில் சின்ன ஃபிளையை மென்மையாக இறக்குவதற்கு ஸ்காண்டியில் தொடங்குங்கள் என்பதுதான் என் பரிந்துரை. முதுகுக்குப் பின்னால் குறைந்த இடமே போதும், தவறைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஒரு நாளிலேயே உருப்படியான தூரம் கிடைக்கும். ராடின் நீளத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை ஹெட் இருப்பது நல்ல தொடக்கம். 13 அடி ராடுக்கு 34 முதல் 38 அடி.

மிட்-பெல்லிக்குத் தனி அழகு உண்டு. ஒவ்வொரு வீச்சுக்கும் லைனைக் கை கையாக இழுத்துச் சேர்க்க வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் விரல் விறைக்கும் குளிரில் அது பெரிய நிம்மதி. தூரத்தில் ஓடும் லைனைத் தூக்கி ஆற்றின் மேல்திசைக்கு மடித்துப் போடுவதும் எளிது, ஏனென்றால் ராட் நுனிக்கு வெளியே தடித்த லைன் அதிகம் இருக்கிறது. ஆனால் 14, 15 அடி ராடும் சீரான வீச்சும் வேண்டும். இரண்டாவது லைனாக அதை வாங்கலாம்.

ஸ்கேஜிட் ஹெட் ஏற்கெனவே கையில் இருந்தால் அதிலும் மிதக்கும் ஃபிளை வீசலாம், ஒரு நிபந்தனையோடு. ஹெட்டின் முனையில் 10 முதல் 15 அடி நீள மிதக்கும் நுனியை மாட்டி, அதன் பிறகுதான் லீடர் கட்ட வேண்டும். ஸ்கேஜிட் ஹெட்டில் நைலான் லீடரை நேராகக் கட்டுவது அடிக்கடி பார்க்கும் பிழை. தடித்த முனையின் வேகத்தை மெல்லிய நைலான் தாங்காது. நீரைப் பிடித்து நிற்க எதுவும் இல்லாமல் லைன் பின்னால் பறந்துவிடும்.

3. எடை: எண்ணை மறந்து கிரெயினைப் பாருங்கள்

லைன் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். ஐரோப்பியத் தயாரிப்புகளில் கிராமும் சேர்த்து அச்சிட்டிருக்கும்.

ஒற்றைக் கை ராடுக்கான 8 எண் லைனில் முதல் 30 அடியின் எடை 210 கிரெயின். இரட்டைக் கை 8 எண் ராடுக்கு 500 கிரெயினுக்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண், எடையோ இரண்டரை மடங்கு வித்தியாசம். எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் விழும் குழி இதுதான்.

ஸ்காண்டி ஹெட்டுக்குத் தோராயமான அளவுகள் இவை. 12 அடி 6 அங்குல 7 எண் ராடுக்கு 450 முதல் 500 கிரெயின். 13 அடி 8 எண்ணுக்கு 510 முதல் 570. 14 அடி 9 எண்ணுக்கு 600-ஐ ஒட்டி. இறுதி வார்த்தை ராடைத் தயாரித்தவர்களின் பட்டியல்தான். ஒரே எண் போட்ட இரண்டு ராடுகளுக்கு 50 கிரெயின் வேறுபடுவது சகஜம்.

ஒரே ராடுக்கு ஸ்கேஜிட் ஹெட், ஸ்காண்டியைவிட 40 முதல் 60 கிரெயின் கூடுதலாக இருக்கும். குட்டையான ஹெட் ராடை வளைக்க அந்தக் கனம் தேவை. “போன தடவை 600 நன்றாக இருந்தது” என்று ஸ்காண்டியிலும் 600 வாங்கினால் ராட் சோர்ந்து தொங்கும்.

பரிந்துரை ஒரு வரம்பாக இருந்தால், உதாரணமாக 510 முதல் 570 என்றால், புதியவர்கள் நடுவிலோ அதற்குச் சற்று மேலோ எடுங்கள். கொஞ்சம் கனமான ஹெட், ராட் வளைவதைக் கையில் உணர வைக்கும். மிக மேலே போகாதீர்கள். ஆழமில்லாத நீரில் கனமான ஹெட் விழும் சத்தம் மீனைக் கலைத்துவிடும்.

4. மிதக்குமா என்று பெட்டியில் சரிபாருங்கள்

சிரமமான வேலை இல்லை, ஆனாலும் தவறு நடக்கும் இடம். “மிதக்கும்” என்று மட்டும் போட்டிருந்தால் ஹெட் முழுவதும் மிதக்கும். “மிதக்கும் / ஹோவர்”, “மிதக்கும் / இன்டர்மீடியட்” என்று இரண்டு சொல் இருந்தால் பின்பகுதி மிதந்து நுனி மெல்ல மூழ்கும். அதற்கும் ஒரு காலம் உண்டு, ஆனால் நீர்ப்பரப்பில் ஃபிளையை இழுக்க நினைப்பவருக்கு அது ஆகாது.

ஹெட்டும் ரன்னிங் லைனும் ஒன்றாகவே வரும் லைனா, தனித்தனியா என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். ஒன்றாக வருவதில், முனை வளையங்களைக் கோர்க்கும் லூப் இணைப்பு இல்லாததால், ராடில் லைன் ஓடும் வளையங்களான கைடுகளில் எதுவும் இடறாது. தனித்தனி என்றால் ஆற்றங்கரையிலேயே ஹெட்டை மாற்றலாம். ஸ்காட்லாந்து ஆறுகளில் ஒரே வாரத்தில் நீர்மட்டம் ஓரடி ஏறி இறங்கும். அதனால் நான் தனித்தனியையே சொல்வேன்.

5. லீடர்: லைனின் கடைசிப் பகுதி

ஸ்பே வீச்சில் லைனின் நுனியும் லீடரும் ஒரு நொடி நீரைத் தொட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை ஆங்கர் என்பார்கள். அந்தப் பிடி இருந்தால்தான் ராட் வளைந்து எதிர்விசை கிடைக்கும். ஸ்காண்டியில் பெரும்பாலும் லீடர்தான் அந்த ஆங்கர். அதனால் அதன் நீளம் அழகுக்காகச் சொல்லும் அளவு இல்லை.

லீடர் குட்டையாக இருந்தால் ஆங்கர் வழுக்கும். ஃபிளை உங்கள் முதுகுக்குப் பின்னால் பறந்து சாட்டை போலச் சொடுக்கும். மிக நீளமாக இருந்தால் நீர் அதை விடாமல் பிடித்து, வீச்சின் பலம் லீடரை உரித்தெடுப்பதிலேயே தீர்ந்துபோகும். ராடின் நீளத்துக்குச் சமமாக, அல்லது அதைவிட ஓரிரு அடி கூடுதலாக லீடரை வைத்துத் தொடங்குங்கள். 13 அடி ராடுக்கு 13 முதல் 15 அடி.

நீங்களே கட்டிக்கொள்ள எளிய ஒரு கணக்கு: 30 பவுண்டு நைலான் 5 அடி, 20 பவுண்டு 4 அடி, 12 பவுண்டு 5 அடி. மொத்தம் 14 அடி. இடையில் பிளட் நாட் முடிச்சு. ஹெட் பக்கம் பெர்ஃபெக்ஷன் லூப், ஏனென்றால் அந்த லூப் கோணாமல் நேராக நிற்கும். வழியில் தடிமன் படிப்படியாகக் குறைவதால் ஹெட்டின் வேகம் ஃபிளை வரை தடையில்லாமல் போய்ச் சேர்கிறது. 30 பவுண்டைவிட மெல்லிய நைலானில் தொடங்கினால் ஹெட்டும் லீடரும் சேரும் இடத்தில் வேகம் மடிந்து, ஃபிளை லைனின் மேலேயே குவியும்.

கட்டுவதற்கு நேரமில்லை என்றால் கடையில் தயாராகக் கிடைக்கும் பூச்சுள்ள லீடரான பாலிலீடரில், மிதக்கும் 10 அடி ஒன்றை வாங்கி, அதன் முனையில் ஃபிளை கட்டும் மெல்லிய கடைசி இழையான டிப்பெட்டை 4 அல்லது 5 அடி கட்டுங்கள். பாலிலீடரில் நேரே ஃபிளையைக் கட்டிவிடும் பழக்கம் வேண்டாம். ஒவ்வொரு முறை ஃபிளை மாற்றும்போதும் விலை கொடுத்து வாங்கிய பொருள் ஓரங்குலம் குறையும், தடித்த நுனியில் சின்ன ஃபிளை உயிரில்லாமல் போகும், அடியில் சிக்கினால் டிப்பெட் அறுவதற்குப் பதில் பெரிய இழப்பு வரும்.

டிப்பெட்டுக்கு நைலானா ஃப்ளூரோகார்பனா? ஃபிளை நீர்ப்பரப்பில் ஓட வேண்டும் என்றால் நைலான். அதன் அடர்த்தி 1.14, நீரைவிடச் சற்றுத்தான் அதிகம். ஃப்ளூரோகார்பன் 1.78, அது ஃபிளையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். ஓரங்குலம் கீழே நீந்தும் ஸ்டோட்ஸ் டெயில், காஸ்கேட் போன்ற ஃபிளைகளுக்கு ஃப்ளூரோகார்பன் பரவாயில்லை.

6. ரன்னிங் லைன்

இரண்டு வகை. மேல்பூச்சு உள்ளது ஒன்று, பூச்சில்லாத ஒற்றை இழை நைலானான மோனோ மற்றொன்று. மோனோ மெல்லியது, வழுக்கிக்கொண்டு போகும், தூரம் கிடைக்கும். ஆனால் ஈரக் கையில் நழுவும், சுருள் நினைவு பிடித்தால், அதாவது ரீலில் சுற்றியிருந்த வளைவு அப்படியே தங்கிவிட்டால், சிக்கும். முதல் வருடத்துக்கு 0.030 முதல் 0.037 அங்குலத் தடிமனுள்ள மேல்பூச்சு லைன் போதும். இழக்கும் சில கஜ தூரத்தைவிட, சிக்கலெடுக்காமல் வீசும் ஒவ்வொரு வீச்சும் மதிப்புள்ளது.

ரன்னிங் லைனின் முன்முனை லூப் பெரிதாக இருக்க வேண்டும். சுற்றி வைத்த ஹெட் சுருள் முழுவதும் அதற்குள் நுழையும் அளவு, அதாவது 6 முதல் 8 அங்குலம். அப்போதுதான் ஹெட் முழுவதையும் அவிழ்க்காமல் மாற்ற முடியும். சின்ன லூப் என்றால் 36 அடி ஹெட்டை ஆற்றங்கரைச் செடிகளுக்கு நடுவே பரப்பி, நுனியிலிருந்து இழுத்துக் கோர்க்க வேண்டிவரும்.

நிறமும் முக்கியம். ஹெட்டும் ரன்னிங் லைனும் பளிச்சென்று வேறு நிறமாக இருக்கட்டும். இணைப்பு எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு வீச்சுக்கு முன்னும் கண் பார்க்க வேண்டும். காரணம் 9-ஆம் பகுதியில் வருகிறது.

7. ரீலில் ஏற்றும் வரிசை

இனி கட்டும் வேலை. இங்கிருந்து ரீல் பக்கத்திலிருந்து வருகிறோம்.

ரன்னிங் லைனுக்குப் பின்னால் ரீலின் அடியில் சுற்றும் நூல் பேக்கிங். அது எவ்வளவு வேண்டும் என்று கண் அளவில் முடிவு செய்ய முடியாது. அதனால் முதலில் தலைகீழாகச் சுற்றுங்கள்: ஹெட்டை ரீலில் சுற்றி, அதன் மேல் ரன்னிங் லைன், அதன் மேல் பேக்கிங். விளிம்புக்கு 5 மில்லிமீட்டர் கீழே வந்ததும் பேக்கிங்கை வெட்டுங்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, சரியான வரிசையில் ஏற்றுங்கள். ஒரு மணி நேர வேலைதான். இதைச் செய்யாதவர்களின் ரீல், பெரிய மீன் ஓடி அவசரமாகச் சுற்றும்போது நிரம்பிச் சட்டத்தில் உரசி நிற்கும்.

சால்மனுக்கு 30 பவுண்டு டாக்ரான் பேக்கிங், 150 கஜமாவது இருக்கட்டும். ரீலின் அச்சில் அதைக் கட்ட ஆர்பர் நாட் முடிச்சு. சுற்றுவதற்கு முன் கைப்பிடி எந்தப் பக்கம் என்று முடிவு செய்து, ரீலின் பிரேக் லைன் வெளியே போகும் திசையில் வேலை செய்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பேக்கிங்கை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாக இருந்தால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்துகொள்ளும். மீன் ஓடும்போது அங்கே சிக்கி டிப்பெட் அறும்.

பேக்கிங்கின் முனையில், ரீல் ஸ்பூல் முழுதாக நுழையும் அளவுக்குப் பெரிய லூப் ஒன்று போடுங்கள். அதை ரன்னிங் லைனின் பின் லூப்போடு இணைக்கலாம். மோனோ ரன்னிங் லைன் என்றால் ஆல்பிரைட் முடிச்சு.

லூப்போடு லூப் இணைக்கும்போது இரண்டும் கைகுலுக்குவதுபோலச் சமமாகக் கோர்த்து நிற்க வேண்டும். ஒன்று மடிந்து மற்றொன்றின் கழுத்தைச் சுருக்குப் போட்டதுபோல இருந்தால் தப்பு. அந்தச் சுருக்கு கைடில் இடறும், மேல்பூச்சையும் அறுக்கும். இறுக்குவதற்கு முன் ஒரு நொடி பார்த்தால் போதும்.

ஹெட்டை மாட்டும்போது எது முன், எது பின் என்று கட்டாயம் பாருங்கள். ஸ்காண்டியில் தடித்த முனை ரன்னிங் லைன் பக்கம், மெல்லிய முனை லீடர் பக்கம். திருப்பி மாட்டிவிட்டு “இந்த லைன் மோசம்” என்று சொல்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. பெரும்பாலான ஹெட்களில் ஒரு முனைக்குப் பக்கத்திலேயே எடையும் வகையும் அச்சிட்டிருக்கும். எழுத்து தேய்வதற்குள், எந்த முனையில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. ராடைப் பொருத்துவது, லைனைக் கோர்ப்பது

தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், 15 அடி நீளம் வேறு. இது உயிர் போகும் விஷயம்.

துண்டுகளை நுனிப் பக்கத்திலிருந்து இணைத்து, கைடுகள் ஒரே கோட்டில் இருக்கும்படி திருப்புங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் மின் வேலைக்குப் பயன்படும் ஒட்டுநாடாவை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். தலைக்கு மேலான வீச்சில் ராட் முன்னும் பின்னும் மட்டும் வளையும். ஸ்பே வீச்சிலோ அது முறுக்கவும் படும். நாடா இல்லாத இணைப்பு மெல்ல மெல்லத் தளரும். தளர்ந்த இணைப்போடு ஒரு பலமான வீச்சு வீசினால் அந்த இடத்திலேயே உடையும்.

லைனைக் கோர்க்கும்போது லீடரின் நுனியைப் பிடித்து நுழைக்காதீர்கள். ஹெட்டின் முன்பகுதியை இரண்டாக மடித்து, அந்த மடிப்பை கைடுகள் வழியாகக் கொண்டு போங்கள். கை தவறினாலும் மடிப்பு கைடில் நின்றுவிடும். கோர்த்து முடித்ததும் ஒரு முறை லைனை இழுத்துப் பாருங்கள். ஒரு கைடை விட்டுவிட்டது வீட்டிலிருந்து ஆற்றுக்கு வந்து, ஃபிளையும் கட்டிய பின்தான் தெரியும்.

ரீலை மணலிலும் கூழாங்கல்லிலும் வைக்காமல் புல்லில் வைத்து இதையெல்லாம் செய்யுங்கள். பிறகு ரன்னிங் லைனை உருவி, இரண்டு கையாலும் இழுத்துச் சுருள் நினைவைப் போக்குங்கள். குளிர்ந்த காலையில் இந்த இரண்டு நிமிடம், நாள் முழுவதற்குமான சிக்கலைக் குறைத்துவிடும்.

9. முதல் வீச்சுகள்: எதை எந்த வரிசையில் திருத்துவது

புல்வெளியில் ஸ்பே வீச்சைப் பழக முடியாது. புல், நீரைப் போல லைனைப் பிடிக்காது. முழங்கால் ஆழ நீரில், மெல்ல ஓடும் இடத்தில் நில்லுங்கள். கண்ணாடியும் தொப்பியும் அணிந்திருங்கள். முதலில் ஃபிளை வேண்டாம்; கொக்கி இல்லாத ஒரு கம்பளி நூல் துண்டைக் கட்டுங்கள். எதுவும் கட்டாமல் வீசினால் லீடரின் நடத்தை வேறாக இருக்கும்.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப் பக்கத்தில்தான் ஆங்கர் விழ வேண்டும். ஆற்றின் கீழ்த்திசைக்குக் காற்று வீசினால் டபுள் ஸ்பே அல்லது ஸ்னேக் ரோல் என்னும் வீச்சு. மேல்திசைக்கு வீசினால் சிங்கிள் ஸ்பே. இதை மாற்றிச் செய்தால் ஃபிளை உங்கள் முகத்துக்கு வரும்.

வீச்சு சரியாக வரவில்லை என்றால் உடனே எடையைச் சந்தேகிக்காதீர்கள். சோதிக்கும் வரிசை இது.

முதலில் ராட் நுனிக்கும் ஹெட்டின் பின்முனைக்கும் நடுவே தொங்கும் ரன்னிங் லைன். ஸ்காண்டியில் அது ஓரடி முதல் மூன்றடிக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் மெல்லிய லைன் கனமான ஹெட்டைத் தள்ளத் திணறும். பறக்கும் லைனின் வளைவு, அதையும் லூப் என்றே சொல்வார்கள், நடுவானில் சரியும். ஹெட் இன்னும் கைடுகளுக்குள்ளேயே இருந்தால் ராடுக்கு முழு எடை கிடைக்காது, வீச்சு உப்புச் சப்பில்லாமல் இருக்கும். “லைன் லேசாக இருக்கிறது” என்று புகார் சொல்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டடி லைனை வெளியே விட்டதும் பலருக்குப் பிரச்சினை முடிந்துவிடும்.

இரண்டாவது லீடர். ஆங்கர் வழுக்கிப் பின்னால் பறந்தால் ஓரடி டிப்பெட் கூட்டுங்கள். நீரைக் கிழிக்கும் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தால் ஓரடி குறையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

மூன்றாவது ஃபிளை. ஹெட்டும் லீடரும் நன்றாக விரிந்து, கடைசி மூன்றடி மட்டும் குவிகிறதா? ஃபிளை அந்த லீடருக்குக் கனம். சின்ன ஃபிளை கட்டுங்கள், அல்லது டிப்பெட்டைக் குறையுங்கள்.

நான்காவது கீழ்க்கை. புதியவர்கள் மேல்கையால் தள்ளுகிறார்கள். ஸ்காண்டி ஹெட் கீழ்க்கையை வயிற்றை நோக்கி இழுப்பதில்தான் வேகமெடுக்கிறது. மேல்கையின் தள்ளலில் ராட் நுனி கீழே சாய்ந்து லூப் அகலமாகும். அதைப் பார்த்து லைனைக் குறை சொல்வார்கள்.

இந்த நான்கும் சரியாக இருந்தும் ராட் வளையவே இல்லை என்றால் அப்போது 30 கிரெயின் கனமான ஹெட்டை யாரிடமாவது கடன் வாங்கி வீசிப் பாருங்கள். ராட் கைப்பிடி வரை வளைந்து, திரும்பி எழத் தாமதித்தால் 30 கிரெயின் குறைவானது. ஹெட்டை வெட்டிச் சரிசெய்யலாம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அவர்கள் செய்யலாம், முதல் வருடத்தில் நீங்கள் கத்திரியை எடுக்க வேண்டாம். உங்கள் வீச்சு மாறிக்கொண்டே இருக்கும் காலத்தில் லைனை வெட்டினால், வீச்சு திருந்திய பின் அந்த லைன் பொருந்தாது.

இழுத்துச் சேர்த்த ரன்னிங் லைனைக் கையில் பிடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதல் சுருள் பெரிது, அடுத்தது அதைவிடச் சின்னது, கடைசி மிகச் சின்னது. எட்டு இழுப்பு, ஆறு, நான்கு என்று பழகுங்கள். ஒரே அளவாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கைடில் முடிச்சாகப் போய் மாட்டும்.

10. நீரில் ஃபிளையை ஓட்டுவது

நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால், மீன் மேலே எழுந்து வரத் தயாராக இருக்கும். அதற்குக் கீழே என்றால் ஹெட்டை மாற்ற வேண்டியதில்லை. மிதக்கும் லீடரைக் கழற்றி மெல்ல மூழ்கும் பாலிலீடரை மாட்டுங்கள். அப்போது டிப்பெட் 3 முதல் 4 அடி போதும். நீளமாக விட்டால் லீடர் மூழ்கினாலும் ஃபிளை மேலேயே மிதந்துவரும்.

குறுக்காகவும் கீழ்நோக்கியும் சுமார் 45 டிகிரியில் வீசுங்கள். ஓட்டம் வேகமானால் இன்னும் கீழ்நோக்கி, மந்தமானால் இன்னும் குறுக்காக. நடு ஓட்டம் லைனின் வயிற்றை இழுத்துப் போனால் ஃபிளை சாட்டை வீச்சில் பறந்துவிடும். அதற்காகத்தான் லைன் விழுந்ததும் ஒரு முறை ஆற்றின் மேல்திசைக்கு மடித்துப் போடுகிறோம். ஒரு முறை போதும், உடனே செய்ய வேண்டும். ஃபிளை ஓடத் தொடங்கிய பிறகு மடித்தால் அது துள்ளிக் குதிக்கும்.

ஃபிளை நீர்ப்பரப்பைக் கீறிக்கொண்டு வர வேண்டும் என்றால் ரிஃப்லிங் ஹிட்ச் போடுங்கள். கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தின் போர்ட்லாண்ட் க்ரீக்கிலிருந்து வந்த முறை இது. ஃபிளையைக் கட்டிய பின், அதன் தலைக்குப் பின்னால் டிப்பெட்டால் இரண்டு அரை முடிச்சு. டிப்பெட் ஃபிளையின் பக்கவாட்டிலிருந்து, நீங்கள் நிற்கும் கரையை நோக்கி வெளிவர வேண்டும். கரை மாறினால் முடிச்சின் பக்கமும் மாற வேண்டும். மாற்ற மறந்தால் ஃபிளை முக்குளித்துவிடும்.

ரீலுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு கஜ லைனைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். சால்மன் ஃபிளையைக் கவ்வியதும் அந்தத் தளர்வை விட்டுவிட்டால், மீன் திரும்பும்போது கொக்கி வாயின் ஓரத்தில் பதியும். ட்ரவுட் பிடித்துப் பழகியவர்கள் உடனே ராடைத் தூக்குவார்கள். சால்மனில் அது வாயிலிருந்து ஃபிளையைப் பிடுங்குவதாகிவிடும். லைன் கனத்து, ரீல் சுற்றத் தொடங்கட்டும். அப்புறம் ராடைத் தூக்குங்கள்.

11. வீடு திரும்பியதும்

மிதக்கும் லைன் மூழ்கத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். முதலில் நுனி மூழ்கும், பிறகு தூக்குவதற்குக் கனக்கும், ஆங்கர் ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி மென்மையான சோப்பு விட்டு, துணியால் ஹெட்டைத் துடைத்து, நல்ல நீரில் அலசினால் போதும்.

ஸ்காட்லாந்தின் கோடையில் மிட்ஜ் என்னும் பொடிக் கொசு படை படையாக வரும். எல்லோரும் பூச்சி விரட்டி பூசிக்கொள்வார்கள். அதில் டீட் (DEET) என்னும் வேதிப்பொருள் இருந்தால் அது லைனின் மேல்பூச்சைக் கரைத்துவிடும். புறங்கையால் பூசுங்கள், அல்லது பூசிய பின் உள்ளங்கையைக் கழுவிவிட்டு லைனைத் தொடுங்கள். மாதத்துக்குள் வெடிப்பு விட்ட புது லைன்கள் பலவற்றில் குற்றவாளி இதுதான்.

நார்வே போன்ற வெளிநாட்டு ஆறுகளில் பயன்படுத்திய லைன், ராட், நீர்க்காலுறை எதையும் கிருமி நீக்கம் செய்து, முழுக்கக் காயவைக்காமல் ஸ்காட்லாந்து ஆற்றில் இறக்காதீர்கள். அங்கே சால்மன் குஞ்சுகளை அழித்த கைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்ற ஒட்டுண்ணி இன்னும் இங்கே வரவில்லை.

ஹெட்களைக் காயவைத்து, அகலமாகச் சுற்றி, இரண்டு இடத்தில் நூல் கட்டி, தனித்தனிப் பையில் போடுங்கள். பையின் மேல் வகை, நீளம், கிரெயின், எந்த ராடுக்கு, எத்தனை அடி லீடரோடு நன்றாக வந்தது ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்ன லீடர் அளவைத்தான் யாரும் எழுதுவதில்லை. அடுத்த பருவத்தில் ஹெட் பத்திரமாக இருக்கும், லீடர் நீளம் மட்டும் மறந்துபோயிருக்கும், 9-ஆம் பகுதியை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.